தளம் போட்ட பிறகு வீடு ஏன் நகர மாட்டேன் என்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தாலே 'பூமி பூஜை முதல் சாவி வரை 120 நாள்', 'ஐந்தே மாதத்தில் குடியேறலாம்' என்று விளம்பரங்கள் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் போன வாரம் என்னிடம் வந்து, "நீங்கள்தான் கட்டி முடித்தவர் ஆச்சே, உண்மையில் எத்தனை மாதம் ஆகும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம். என் கணவருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருவார். அதனால் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டது நான்தான். காலையில் பள்ளிக்குப் போகும் முன் ஒரு முறை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு முறை. 1,050 சதுர அடி, தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. சதுர அடி 2,300 ரூபாய் என்று பேசி, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் விட்டோம். "ஆறு மாசம் டீச்சர், ஏழாவது மாசம் பால் காய்ச்சிடலாம்" என்றார். 2023 தை 12, வாஸ்து நாள், அன்று குடியரசு தினம் என்பதால் எனக்கும் விடுமுறை, பூமி பூஜை போட்டோம். பால் காய்ச்சியது 2024 வைகாசிக் கடைசியில்.

நடுவில் 496 நாள்.

இதை நான் நினைவில் வைத்துச் சொல்லவில்லை. அஸ்திவாரத்துக்கு வானம் (குழி) தோண்டிய அன்றே ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, தினமும் ஒரு வரி எழுதி வந்தேன். யார் வந்தார்கள், எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், என்ன வேலை நடந்தது, நடக்கவில்லை என்றால் என்ன காரணம் சொன்னார்கள். குடியேறிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அதைக் கூட்டிப் பார்த்தேன். 496 நாளில் ஒரு ஆளாவது வந்து வேலை நடந்த நாள் 187. ஞாயிறும் பண்டிகையும் 82 நாள். கான்கிரீட் இறுகட்டும் என்று நியாயமாகவே காத்திருந்தது 34 நாள். மழை 23 நாள். எங்கள் பணம் வரத் தாமதமானதால், அதாவது வங்கி அடுத்த தவணையை விடுவிக்காததால் நின்றது 41 நாள். மீதி 129 நாளுக்கு என் நோட்டில் இருப்பது 'ஆள் இல்லை', 'நாளைக்கு வருவார்கள்', 'போன் எடுக்கவில்லை' என்பதுதான். நாலு மாதத்துக்கும் மேல்.

வீடு கட்ட எத்தனை மாதம் என்று கேட்டால் அந்த 187-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் அது ஏழு மாதத்துக்குச் சற்று மேல். அதோடு கான்கிரீட்டுக்கு விட்டாக வேண்டிய நாளையும் மழையையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மாதம். எங்கள் அளவு வீட்டுக்கு, பணமும் கையில் இருந்து ஆளும் ஒழுங்காக வந்தால், அதுதான் நேர்மையான பதில் என்று நான் நம்புகிறேன். ஐந்து மாதம் என்பவர் எதையோ குறைக்கப் போகிறார். பதினேழு மாதம் ஆக்கியவர் எதையோ வீணாக்கியிருக்கிறார்.

முதலில் குறைக்கவே கூடாத நாட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதில் மேலாக அஸ்திவாரம் போட்டால் இரண்டாவது கோடையிலேயே சுவரில் விரிசல் விட்டுவிடும். கெட்டித் தரை தட்டும் வரை தோண்ட வேண்டும், கரிசலை அள்ளி வெளியே கொட்டிவிட்டுக் கிராவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். எங்களுக்கு ஏழு அடியில்தான் சரளை தட்டியது. பேஸ்மட்டம், அதாவது வீட்டின் தரை மட்டம், வருவதற்கே இரண்டரை மாதம். செம்மண் தரையில் கட்டிய என் தங்கை வீட்டில் இதே வேலை ஒரு மாதத்தில் முடிந்தது. அதனால் மண்ணைப் பார்க்காமல் 'இத்தனை நாள்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த இரண்டரை மாதத்துக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அடுத்தது தளம், அதாவது மேலே மூடும் கான்கிரீட் கூரை. ஆவணியில் தளம் போட்டோம். காலை ஆறு மணிக்கு மிக்சர் ஓட ஆரம்பித்தது, சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. மறுநாள் காலையிலேயே மேலே ஏறிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். ஊரில் தண்ணீருக்கு இருக்கும் நிலைமையில் டேங்கர் லாரி வைத்துத்தான் நிறுத்தினேன். ஐந்தாவது நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வருகிறேன், வாசலில் ஒரு மினி வேன் நிற்கிறது, உள்ளே இரண்டு பையன்கள் ஹாலில் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஒரு வீட்டில் நாளை மறுநாள் தளமாம், அங்கே சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட்டுக்கு அடியில் வைக்கும் தகடு) பற்றாதாம், இங்கிருந்து எடுத்துவரச் சொல்லிவிட்டாராம். "தொடாதீங்கப்பா" என்று சத்தம் போட்டேன். ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தால் "சிமென்ட் நல்ல சிமென்ட் டீச்சர், மூணு நாள்லயே இறுகிடும், பயப்படாதீங்க" என்கிறார். எனக்கு என்ன தெரியும், அப்படியும் இருக்குமோ என்று ஒரு நிமிடம் தடுமாறிவிட்டேன். அப்போது பக்கத்தில் கை கால் கழுவிக்கொண்டிருந்த வயதான கொத்தனார் ஒருவர், எழுபதை நெருங்கியவர், உள்ளே வந்து மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாயி, இது இன்னும் பச்சைப்புள்ள. நிக்கும், ஆனா இடுப்பு வளைஞ்சுரும். பதினாலு நாளுக்கு முன்ன யாரு கேட்டாலும் கொடுக்காத." பையன்கள் அவரைப் பார்த்துவிட்டு, தட்டிக் கழற்றிய இரண்டு கம்பையும் அதே இடத்தில் ஆப்பு வைத்து இறுக்கிவிட்டுப் போனார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456 என்ற 2000-ஆம் ஆண்டு விதித் தொகுப்பில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுக் கம்பை எடுக்கக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் அகலமென்றால் 14 நாள். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கும் பிபிசி (சாம்பல் கலந்த போர்ட்லண்ட் பொசோலானா) சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அதற்கு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் விட்டு ஈரத்தில் வைப்பதும் சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், இந்தச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், நம்மூர் போல வெயில் காயும் இடத்தில் 14 நாள் வரை விடுவதே நல்லது. எம் 20 கான்கிரீட் என்று கணக்குப் போடுகிறார்களே, அந்த 20 என்பதே 28-ஆம் நாள் பலத்தைத்தான் குறிக்கிறது. 120 நாளில் சாவி தருகிறேன் என்பவர் எந்த நாளைக் குறைப்பார் என்று யோசித்தால் எனக்கு இந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன, ஏனென்றால் இதைக் குறைத்தால் உடனே வெளியில் தெரியாது. பூச்சு முடிந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

சரி, அந்த 129 நாளுக்கு வருகிறேன்.

என் நோட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தளம் போடும் வரை, அதாவது தை முதல் ஆவணி வரை, 'ஆள் இல்லை' என்று எழுதிய நாள் 22 மட்டுமே. மீதி 107 நாளும் தளத்துக்குப் பிறகு. ஏன் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பணம் கொடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், விளங்கிவிட்டது. அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டம்), தளம் என்று நாலு தவணையில் மொத்தப் பணத்தில் முக்கால் பங்கு கொடுத்து முடித்திருந்தோம். ஆனால் வேலையோ பாதிதான் நடந்திருந்தது. வயரிங், உள்பூச்சு, வெளிப்பூச்சு, பிளம்பிங், டைல்ஸ், கதவு, ஜன்னல், பட்டி, பெயிண்ட், செப்டிக் டேங்க், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் மிச்சம். தளம் வந்துவிட்டால் வீடே வந்துவிட்டது போல நமக்கு ஒரு நிறைவு. ஊரும் அப்படித்தான் பார்க்கிறது, "மேலே மூடியாச்சா, அவ்வளவுதான், முடிஞ்சது" என்பார்கள். வங்கியும் ஏறக்குறைய அப்படித்தான் பணம் விடுகிறது. ஆனால் நாள் கணக்கில் தளம் என்பது பாதி வழி. அங்கே முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டால், அடுத்த பாதியைச் செய்ய ஒப்பந்தக்காரருக்கு என்ன அவசரம் இருக்கும்? அவருக்கு லாபம் அடுத்த வீட்டின் அட்வான்சில் இருக்கிறது.

அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் அப்போது ஆறு வீடு ஓடியது. ஒரே கொத்தனார் கூட்டத்தைத்தான் ஆறுக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார். அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவருக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்களாம், அந்தச் சுமையை மற்ற நாலு வீட்டின் பணத்தில் சமாளித்திருக்கிறார். சதுர அடி விலையைப் பேசிய நாளுக்கும் பூச்சு வேலைக்கும் நடுவில் கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட், பூச்சுக்கான பி சாண்ட் மணல் விலை எல்லாம் ஏறிவிடுகிறது. இப்போது கட்டுகிறவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்துக் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பூச்சுக்கு மணல் கிடைக்காமல் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அப்படியே நின்றது. இதெல்லாம் யார் கையிலும் இல்லை. எங்களுக்கும் 2023 டிசம்பர் 17, 18 மழை அப்படித்தான். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த அந்த மழையில், எங்கள் வீட்டில் பூச வந்துகொண்டிருந்த தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களின் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. அவர்கள் பொங்கல் கழித்துத்தான் வந்தார்கள். அந்த நாட்களை நான் 'மழை' என்ற கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன், 'ஆள் இல்லை' என்று அல்ல. டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த வடமாநிலத் தம்பிகள் மார்ச்சில் ஹோலிக்கு ஊருக்குப் போனார்கள், வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போகிறவர்களை எப்படித் தடுப்பது? போகும் முன் அவர்களே வந்து தேதி சொல்லிவிட்டுப் போனார்கள், சொன்ன தேதிக்குத் திரும்பியும் வந்தார்கள். அதுதான் வித்தியாசம். தேதி சொல்லிவிட்டால் மனிதர் காத்திருக்க முடியும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை விளம்பரம் போடுகிறவர்கள் சொல்வதில்லை. 17 மாதமும் நாங்கள் வாடகை வீட்டில் மாதம் 6,500 கொடுத்தோம். இன்னொரு பக்கம் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வீடு முடியாத வரை அது வெறும் வட்டி, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பழைய வருமான வரி முறையில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு உண்டு, ஆனால் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு கட்டி முடிந்திருக்க வேண்டும். தாண்டிவிட்டால் அது 30,000 ஆகிவிடும். ஐந்து வருடமா, அவ்வளவு ஆகுமா என்று கேட்காதீர்கள், தளத்தோடு நின்று கம்பி துருப்பிடித்துப்போன வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டினார். 360 சதுர அடி வீடு, அரசு தருவது மூன்றரை லட்சம், வேலை முடிய முடியத் தவணையாக வரும். முதலில் கைக்காசு போட்டுக் கட்டினால்தான் அடுத்த தவணை. அவரிடம் கைக்காசு எங்கே இருக்கிறது? நகையை வைத்து லிண்டல் வரை ஏற்றினார், பணம் வந்ததும் நகையைத் திருப்பினார், மறுபடி வைத்தார். எங்கள் வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அவர் வீடு, ஆனால் ஆன காலம் எங்களுக்கு ஆனதைவிட அதிகம். பணம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் சின்ன வீடு, அவர்களுக்குத்தான் நீண்ட காலம்.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது நல்ல விஷயம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிவிடலாம். நாங்கள் அதற்கு முன்பே கட்டியதால் வரைபட அனுமதிக்கே இரண்டரை மாதம் நடந்தோம். ஆக, காகிதத்தில் ஆகும் காலத்தை அரசு குறைத்துவிட்டது. மனையில் ஆகும் காலத்தை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது, ஒப்படைக்கும் தேதியை எழுதிக் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி கேட்கலாம். சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ வைத்துக் கட்டுகிற எங்களுக்கு அது பொருந்தாது. கிராமத்திலும் சிறு நகரத்திலும் வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்கள்தானே. எங்களுக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று சொல்லியிருக்கிறது. 50 லட்சம் வரையுள்ள வேலைக்கு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே போய் என்னத்தைக் காட்டுவது? எங்களிடம் இருந்த ஒப்பந்தம் ஒரு பக்கம். சதுர அடி விலை இருந்தது, கம்பி, சிமெண்ட் கம்பெனிப் பெயர் இருந்தது, தவணைத் தொகை இருந்தது. தேதி மட்டும் இல்லை. 'ஆறு மாதம்' என்பது அவர் வாயில் மட்டும்தான் இருந்தது.

யாரிடம் புலம்பினாலும் 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று அந்தப் பழமொழியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு வருத்தம்தான் வந்தது. வீடு என்றால் இழுக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால், இழுக்கிறவரிடம் யார் கேள்வி கேட்பது?

என் கோரிக்கை பெரிதல்ல. சுயசான்று அனுமதி கொடுக்கும் அதே இணையதளத்தில், எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் அரசு சேர்த்து வைக்கட்டும். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி இருக்க வேண்டும். தளத்துக்கு முட்டு எடுக்கும் நாளும் தண்ணீர் விடும் நாளும் அதில் எழுதியிருக்க வேண்டும், அதை இரண்டு பக்கமும் குறைக்கக் கூடாது. மழை, பொருள் தட்டுப்பாடு, வீட்டுக்காரர் பணம் தரத் தாமதிப்பது, இதெல்லாம் ஒப்பந்தக்காரர் கணக்கில் வரக் கூடாது என்றும் இருக்கட்டும், அவருக்கும் அது நியாயம். தளம் முடியும்போது மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் போகாதபடி தவணையைப் பிரிக்க வேண்டும். கடைசி பத்து சதவீதம் சாவி கைக்கு வந்த பிறகு. வங்கிகளும் கடன் கொடுக்கும் முன் இந்தப் படிவத்தைக் கேட்டால் யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

என்னிடம் கேட்ட அந்த ஆசிரியைக்கு ஆவணியில் பூமி பூஜை. போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நோட்டைக் கொடுத்தேன், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதைப் பார்த்து அவர் ஒப்பந்தத்துக்குத் தேதிகள் எழுதிக்கொண்டார். பத்து மாதம் என்று போட்டிருக்கிறார், ஒப்பந்தக்காரரும் யோசித்துவிட்டு முடியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் இதழில் வெளியிட இடம் இருந்தால் அந்த நோட்டின் பக்கங்களையும் ஒப்பந்த நகலையும் பெயர்களை மறைத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்.